கண்ணை நிறுத்தும் மலை: எட்வர்ட் லியரின் கஞ்சன்ஜங்கா

நிலக்காட்சி ஓவியம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது காலண்டர் படம்தான். பின்னால் மலை, நடுவில் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை. பார்த்தவுடன் புரிந்துவிடும், புரிந்தவுடன் முடிந்தும் போய்விடும். இன்னொரு வகை இருக்கிறது. அதிலும் அதே மலையும் மரமும்தான். ஆனால் கண் அங்கே சட்டென்று ஒரு முடிவுக்கு வராது. ஏதோ ஓர் இலையில் தட்டுப்படும், ஒரு பள்ளத்தில் இறங்கும், ஏறும், திரும்பவும் இறங்கும். ஐந்து நிமிடம் கழித்தும் படம் தீர்ந்திருக்காது. இந்த வகையைத்தான் தியான நிலக்காட்சி என்கிறார்கள்.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஓவியர் கண்ணை மூடித் தவமிருந்து வரைந்தது என்று பொருளில்லை. படத்தில் புத்தரோ சாமியாரோ இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பார்ப்பவரின் கண்ணை மெதுவாக்கும்படி கட்டப்பட்ட படம், அவ்வளவுதான். “அமைதியாக இருக்கிறது” என்று நாம் சொல்லும் உணர்வுக்குப் பின்னால் பெரும்பாலும் தொழில்நுட்பம்தான் இருக்கிறது: எதை எங்கே வைப்பது, எதைத் தெளிவாக்குவது, எதை மங்கலாக்குவது. இதை எட்வர்ட் லியர் வரைந்த ‘டார்ஜிலிங்கிலிருந்து கஞ்சன்ஜங்கா’ என்ற ஒரே படத்தை வைத்துப் பார்க்கலாம்.

லியரை ஆங்கிலம் படித்தவர்களுக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்கும். குழந்தைகளுக்கான கிறுக்குத்தனமான ஐந்து வரிப் பாட்டுகளை எழுதியவர் அவர். ஆனால் தன்னை அவர் பாட்டுக்காரராக நினைத்ததில்லை, நிலக்காட்சி ஓவியர் என்றுதான் சொல்லிக்கொண்டார். 1812-இல் லண்டன் அருகே, பிள்ளைகள் நிறைந்த ஒரு பெரிய குடும்பத்தின் கடைக்குட்டிகளில் ஒருவராகப் பிறந்தார். அப்பாவின் பங்குச் சந்தைத் தொழில் நொடித்துப்போக, வளர்த்தது 21 வயது மூத்த அக்கா ஆன். சின்ன வயதிலேயே வலிப்பு நோய், ஆஸ்துமா, கண் பார்வையிலும் கோளாறு. பள்ளிப் படிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. பூவும் பறவையும் வரைய அக்காதான் சொல்லிக்கொடுத்தார். பதினைந்து பதினாறு வயதில் படம் வரைந்தே சோறு தின்ன வேண்டிய நிலை. மருத்துவர்களுக்காக நோயாளிகளின் உடல் புண்களையும் கட்டிகளையும்கூட வரைந்து கொடுத்திருக்கிறார்.

பதினெட்டு வயதில் லண்டன் விலங்குக்காட்சிச் சாலைக்குள் புகுந்தார். அன்றைய பறவை ஓவியர்களில் பலர் பஞ்சடைத்த பறவையை மேசையில் வைத்து வரைவார்கள். லியர் உயிருள்ள கிளிகளைக் காவலர் கையில் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அளவெடுத்து, கல்லில் வரைந்து படியெடுக்கும் கல்லச்சு முறையில் தானே வரைந்தார். 42 படங்கள் கொண்ட அந்தக் கிளித் தொகுப்பு அவரைப் பெயர் சொல்லும் ஆளாக்கியது. ஆனால் நுணுக்க வேலை கண்ணைத் தின்றது. 1837-இல் டெர்பி பிரபுவின் உதவியோடு ரோமுக்குப் போனார். அதன் பிறகு இங்கிலாந்தில் அவர் நிலையாகத் தங்கியது குறைவு. சிசிலி, அல்பேனியா, கிரீஸ், கோர்ஃபு தீவு, எகிப்து, பெட்ரா, ஜெருசலேம், லெபனான், கோர்சிகா என்று வாழ்நாள் முழுக்கப் பயணம்தான். வலிப்பைக் கடைசிவரை மற்றவர்களிடமிருந்து மறைத்தே வைத்திருந்தார்.

61 வயதில் இந்தியா வந்தார். அப்போதைய வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு பழைய நண்பர். பயணச் செலவை அவர் ஏற்றுக்கொள்ள, பதிலுக்கு ஓவியங்கள் தருவதாக ஏற்பாடு. 1873 நவம்பரில் பம்பாயில் இறங்கி, 1875 தொடக்கம்வரை ரயில், மாட்டுவண்டி, பல்லக்கு என்று நாட்டைச் சுற்றினார். கூடவே பல வருடமாக அவரிடம் வேலை பார்த்த ஜியோர்ஜியோ என்ற உதவியாளர், கிரீஸ்-அல்பேனியப் பகுதி மலைமக்களான சூலியோட் இனத்தவர். சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம், தஞ்சாவூர், திருச்சி, குன்னூர், ஊட்டி எல்லாம் 1874-இல் அவர் போன இடங்கள்தான். பிறகு இலங்கை, அங்கே ஜியோர்ஜியோவுக்கு வயிற்றுக்கடுப்பு கடுமையாகிவிட, பயணமே முடிவுக்கு வந்தது. இந்தியாவிலிருந்து 500-க்கும் மேற்பட்ட கோட்டோவியங்களை அவர் கொண்டுபோனார்.

1874 ஜனவரியில்தான் டார்ஜிலிங். 8,586 மீட்டர் உயரத்தில், உலகின் மூன்றாவது பெரிய சிகரம் ஊருக்கு எதிரே நிற்கிறது, நேர்கோட்டில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தள்ளி. அந்த மலை லியருக்கு முதலில் ஒட்டவில்லை. தன் நாட்குறிப்பில் அதை மனதுக்கு நெருக்கமாகாத மலை என்றே எழுதுகிறார். அவ்வளவு தூரம், அவ்வளவு தெய்வத்தன்மை, அவ்வளவு பிரம்மாண்டம், நடுவே கற்பனைக்குக்கூட எட்டாத உருவங்கள் நிறைந்த மூட்டமான பள்ளத்தாக்குகள். எனக்கு இந்தக் குறிப்பு பிடிக்கும். வழக்கமான சுற்றுலாப் பரவசம் இதில் இல்லை. இதை எப்படி வரைவது என்று திணறும் ஒரு தொழிலாளியின் குரல்தான் கேட்கிறது. அந்தத் திணறலுக்கு அவர் கண்டுபிடித்த விடைதான் இந்த ஓவியம்.

மூன்று பேர் அவரிடம் இந்தக் காட்சியைப் பெரிய அளவில் வரைந்து தரக் கேட்டார்கள்: நார்த்புரூக், அபர்டேர் பிரபு, ஆஷ்பர்ட்டன் சீமாட்டி. அபர்டேருக்கான படம் 1877-இல் முடிந்தது. 1879 என்று தேதியிட்ட ஒரு படம் இப்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட 6 அடி அகலம், 4 அடி உயரம், எண்ணெய் வண்ணம். அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கீழே, நமக்குப் பக்கத்தில், மரமும் செடியும் அடர்ந்த ஒரு சரிவு. இருட்டு. ஆனால் இருட்டுக்குள் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிகிறது. கிளியின் இறகை ஒவ்வொன்றாக வரைந்த அதே கைதான் இது. அங்கேயே மிகச் சிறிய மனித உருவங்கள். இரண்டு பக்கமும் மரங்கள் உயர்ந்து நின்று நம் பார்வையை நடுவே தள்ளுகின்றன. இந்த உத்தி பழையது. ஓரத்தில் இருட்டாக ஒரு மரத்தையோ பாறையையோ நிறுத்தினால் நடுவில் இருக்கும் வெளிச்சம் தானாகப் பின்னே போகும். 17-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிளோட் லொரேன் இதை ஒரு வாய்ப்பாடாகவே ஆக்கிவிட்டார். ரோமில் பத்தாண்டு கழித்த லியருக்கு அது கைவந்த பாடம்.

படத்தின் உயிர் இருப்பது நடுவில். முன்புறச் சரிவு முடிந்ததும் தரை திடீரென்று இல்லாமல் போகிறது. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் கண் கீழே விழுகிறது. நீலமும் ஊதாவும் கலந்த பள்ளத்தாக்கு, அதற்குள் மடிப்பு மடிப்பாக மலைத்தொடர்கள். ஒவ்வொரு மடிப்பும் முந்தியதைவிடக் கொஞ்சம் வெளிறியது, கொஞ்சம் மென்மையானது. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. காலண்டர் படத்தில் இந்த இடத்தில்தான் ஆறு ஓடும், கண்ணுக்கு ஒரு பாதை கிடைக்கும். இங்கே பாதை கிடையாது. கண் தானாகத் தடவித் தடவித்தான் மேலே வர வேண்டியிருக்கிறது. அந்தத் தடவலுக்கு எடுக்கும் நேரம்தான் நாம் தியானம் என்று பெயர் வைத்திருக்கும் அனுபவம்.

அதற்கும் மேலே பனிச் சிகரங்கள், வானத்தில் தொங்குவதுபோல்.

தூரத்து மலை ஏன் நீலமாகத் தெரிகிறது? காற்றில் உள்ள மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிக்கின்றன, அதிலும் நீலத்தை அதிகமாக. நமக்கும் ஒரு காட்டு மலைக்கும் இடையே எவ்வளவு காற்று இருக்கிறதோ, அவ்வளவு நீல ஒளி அந்த மலையின் மேல் திரைபோல் சேர்ந்துகொள்கிறது. மலையிலிருந்து வரும் ஒளி குறைவு, இடையில் சேரும் நீலம் அதிகம். அதனால் தூரம் கூடக்கூட நீலம் கூடி, இருட்டு குறைந்து, விளிம்பு மங்கிவிடும். ஓவியர்கள் இதை ஏரியல் பெர்ஸ்பெக்டிவ் என்பார்கள். 500 வருடம் முன்பே லியோனார்டோ டா வின்சி இதைப் பற்றிக் குறிப்புகள் எழுதி வைத்திருக்கிறார்.

புதிதாக வரைபவர்கள் இதை மட்டும் படித்துவிட்டு, தூரத்தில் உள்ள எல்லாவற்றிலும் நீலத்தைக் கலந்துவிடுவார்கள். பனிச் சிகரம் மட்டும் இந்த விதிக்கு அடங்காது. பனி தன்மேல் விழும் வெயிலைப் பளிச்சென்று திருப்பி வீசுவது. அந்த ஒளி 70 கிலோமீட்டர் காற்றைக் கடந்து வரும்போது அதிலுள்ள நீலம்தான் வழியில் சிதறிப் போகிறது. மிஞ்சி நம் கண்ணுக்கு வருவது கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை. அதிகாலையில் இன்னும் கூடுதலாக. ஆக, ஒரே காற்று இருட்டு மலையை நீலமாக்குகிறது, வெள்ளை மலையைச் சூடான நிறமாக்குகிறது. லியரின் சிகரங்கள் ட்யூபிலிருந்து பிதுக்கிய வெறும் வெள்ளையாக இல்லாமல் வெதுவெதுப்பாக இருப்பதும், கீழே உள்ள குளிர்ந்த நீலத்திலிருந்து அவை பிரிந்து மிதப்பதும் இதனால்தான். எப்போதாவது டார்ஜிலிங் போனால் விடியலில் எழுந்து பாருங்கள். வெயில் ஏறினால் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் கிளம்பி மலையை மூடிவிடும்.

இந்தப் படம் டார்ஜிலிங்கில் வரையப்பட்டதில்லை. இத்தாலியின் சான்ரெமோ ஊரில், மத்தியதரைக் கடலைப் பார்த்த தன் வீட்டில், இந்தியாவை விட்டு வந்த பிறகு வரைந்தார். லியரின் வேலை முறை இப்படி: இடத்தில் உட்கார்ந்து பென்சிலில் வேகமாக ஒரு கோட்டோவியம். மூலையில் ஊர், தேதி, மணி, வரிசை எண். பிறகு கோடுகளுக்கு நடுவிலேயே எழுத்தில் குறிப்புகள்: இங்கே இந்த நிறம், அங்கே பாறை, இங்கே எல்லாம் காடு. எழுத்துக்கூட்டலை வேண்டுமென்றே விளையாட்டாகச் சிதைத்து எழுதுவார். பிறகு, சாவகாசமாக, பென்சில் கோட்டின் மேல் மையால் வரைந்து, மெல்லிய நீர்வண்ணம் பூசுவார். எண்ணெய் ஓவியம் இதற்கெல்லாம் பிறகு, சில சமயம் பல ஆண்டுகளுக்குப் பிறகு.

இதில் ஒரு சண்டையும் இருந்தது. லியர் தன்னைவிட 15 வயது இளையவரான வில்லியம் ஹோல்மன் ஹண்ட் என்ற ஓவியரைக் குருவாக ஏற்று, அவரை “அப்பா” என்று கிண்டலாகக் கூப்பிடுவார். ஹண்டின் கட்சி, எதையும் நேரில் பார்த்தே வண்ணம் தீட்ட வேண்டும் என்பது. லியர் முயன்று பார்த்தார். லெபனானின் தேவதாரு மரங்களை வரைய வேண்டி வந்தபோது, இங்கிலாந்தில் ஒரு ஓட்டல் தோட்டத்தில் நின்ற தேவதாரு மரங்களின் முன்னால் உட்கார்ந்து வரைந்தார். விதியைக் காப்பாற்றிய மாதிரியும் ஆயிற்று, கப்பல் டிக்கெட்டும் மிச்சம். ஆனால் 28,000 அடி மலையை எந்த ஓட்டல் தோட்டத்தில் தேடுவது? கஞ்சன்ஜங்காவுக்கு நினைவையும் குறிப்பையும் தவிர வேறு வழியில்லை. அதுவே படத்துக்கு நல்லதாகிவிட்டது என்பது என் எண்ணம். ஜனவரிக் குளிரில் பார்த்த பல காலைகள் ஒன்றாகக் கரைந்து, ஒரு குறிப்பிட்ட நிமிடத்தின் அவசரம் இல்லாமல் போய்விட்டது. கோட்டோவியங்களில் அந்த அவசரம் இருக்கிறது. பலர் லியரின் எண்ணெய் ஓவியங்களைவிட அந்தக் கோட்டோவியங்களையே ரசிக்கிறார்கள், நானும் பல விஷயங்களில் அந்தக் கட்சிதான். அவருடைய எண்ணெய்ப் படங்கள் சில அளவுக்கு மீறி உழைத்த களைப்போடு இருக்கும். இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்கு தருவேன்.

லியரைப் போல் பள்ளியில் பயிலாமல் வரையக் கற்றவர்களைக் குறிக்கும் “தானாகக் கற்றவர்” என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம். இதை ஏதோ பட்டம்போல் தூக்கிக்கொண்டு அலைவதில் அர்த்தமில்லை. லியருக்கு அது வாழ்நாள் முழுக்க உறுத்திய குறை. 37 வயதில், ஏற்கெனவே விக்டோரியா ராணிக்கே வரையச் சொல்லிக்கொடுத்த பிறகு, லண்டனின் ராயல் அகாடமி ஓவியப் பள்ளியில் பதின்ம வயதுப் பையன்களோடு மாணவராகச் சேர்ந்தார். மனித உருவம் சரியாக வரவில்லை என்ற கவலைதான் காரணம். அங்கே நீண்ட நாள் இருக்கவும் இல்லை, மனித உருவம் பெரிதாக மேம்படவும் இல்லை. கஞ்சன்ஜங்கா படத்தில் மனிதர்கள் ஏன் அவ்வளவு சிறியவர்கள் என்று கேட்டால், பாதிப் பதில் தத்துவம், மீதிப் பாதி இந்த பலவீனம் என்பேன்.

ஆனால் சிறிய மனிதர் என்பது தியான நிலக்காட்சியின் முக்கியமான கருவியும்கூட. அந்த உருவம் இல்லாவிட்டால் மலையின் அளவு நமக்குத் தெரியாது. உருவம் பெரிதானாலோ படம் அந்த ஆளின் கதையாகிவிடும். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1808–10-இல் வரைந்த கடற்கரைத் துறவி படத்தில், பரந்த வானத்துக்குக் கீழே ஒற்றை ஆள் ஒரு கோடுபோல் நிற்கிறார். சீன மரபில் இது இன்னும் பழையது. 11-ஆம் நூற்றாண்டு ஓவியர் குவோ ஷி மலையைக் காட்ட மூன்று வகைத் தூரங்கள் உண்டு என்று பிரித்தார்: அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பது, முன்மலையிலிருந்து பின்மலைகளுக்குள் ஊடுருவிப் பார்ப்பது, பக்கத்து மலையிலிருந்து தொலைவுக்குச் சமமாகப் பார்ப்பது. நல்ல மலை ஓவியம் பார்வையாளர் உள்ளே போய் உலாவவும் குடியிருக்கவும் இடம் தர வேண்டும் என்பதும் அவர் வாதம். லியரின் படத்தை இந்த அளவுகோலில் வைத்தால் நடுவிலுள்ள பள்ளத்தாக்கு இரண்டாவது வகை, அசல் ஆழத் தூரம். குடியிருக்க இடம் தருகிறதா என்றால், இல்லை. முன்புறச் சரிவில் உட்காரலாம், அந்தப் பக்கம் போக முடியாது. நாட்குறிப்பில் அவர் எழுதிய அந்த ஒட்டாத தன்மையை மாற்றாமல் அப்படியே படத்தில் வைத்துவிட்டார். சிக்கிம் மக்களுக்கு இந்தச் சிகரம் தெய்வம். 1955-இல் முதன்முதலில் ஏறிய பிரிட்டிஷ் குழு அந்த நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுத்து உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுகொண்டது.

படத்தில் இல்லாதவற்றையும் சொல்லியாக வேண்டும். 1874-இன் டார்ஜிலிங் வெறும் காடும் பனியும் இல்லை. 1835-இல் சிக்கிம் அரசரிடமிருந்து பெற்ற இடத்தில் பிரிட்டிஷார் எழுப்பிய உடல்தேற்று நகரம் அது. சுற்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட தேயிலைத் தோட்டங்கள், நேபாளத்திலிருந்து வந்த தொழிலாளர்கள், காடு வெட்டிய சரிவுகள். லியர் வைஸ்ராயின் விருந்தாளி, படம் கேட்ட மூவரும் பிரபுக் குடும்பத்தவர். பங்களாவும் தேயிலையும் இல்லாத ஆதிகாடு ஒன்றை அவர்களுக்கு அவர் கட்டிக் கொடுத்தார். அமைதியைக் காட்டும் பல நிலக்காட்சிகளில் இந்தத் துடைத்தல் நடந்திருக்கிறது. படத்தின் அழகை இது குறைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இதுதான் அன்றைய டார்ஜிலிங் என்று நம்பிவிடக் கூடாது.

இதே மலையை இன்னொரு பெரிய பயணியும் வரைந்தார். ரஷ்யாவின் நிக்கோலஸ் ரோரிக், 1923 முடிவில் டார்ஜிலிங் வந்தவர். அவர் பீட்டர்ஸ்பர்க் கலைக் கழகத்தில் முறையாகப் படித்தவர், ஆன்மிகத் தேடலை வெளிப்படையாகவே படத்தில் வைத்தவர். ரோரிக்கின் மலைகள் தட்டையான நீலத் தகடுகள். இலை கிடையாது, மடிப்பு கிடையாது, டெம்பரா வண்ணத்தின் கூர்மையான விளிம்புகள்தான். கண்ணை மெதுவாக்க விவரங்களைக் குவிக்காமல் நீக்குகிறார். இரண்டும் வேலை செய்கின்றன. எனக்கு ரோரிக்கின் படம் கொஞ்சம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, ஆனால் அவருக்கு உலகம் முழுக்கப் பக்தர்கள் உண்டு, அவர்களோடு சண்டைக்கு நான் வரவில்லை.

லியரின் படத்தைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. யேல் மையத்தின் இணையதளத்தில் பெரிய அளவில் கிடைக்கிறது, இறக்கிக்கொள்ளலாம். அவருடைய கோட்டோவியங்களின் மிகப்பெரிய தொகுப்பு ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கிறது. கைபேசியில் வேண்டாம், முடிந்தவரை பெரிய திரையில் திறந்து பாருங்கள். உடனே பெரிதாக்காதீர்கள். முழுப் படமும் திரையில் இருக்கட்டும், கண் எங்கே முதலில் போகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் சிகரத்துக்குத்தான் போகும், போகட்டும். பிறகு முன்புறத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள், மலை எவ்வளவு தட்டையாகிவிடுகிறது என்று தெரியும். கையை எடுத்துவிட்டு அடுத்ததாகப் பனியை மறையுங்கள். பள்ளத்தாக்கு மட்டும் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியும் மலை மடிப்புகளை அப்போது எண்ணத் தொடங்குங்கள், இரண்டாவது முறை எண்ணினால் வேறு எண் வரும். அதன் பிறகு பெரிதாக்கி இலைகளுக்குள் போகலாம்.